நீர்யானைக்கு டைம் பார்த்த அப்பா

அண்ணா, வணக்கம். எனக்கு குரோம்பேட்டை. இப்ப ஒரு வருஷமா கென்யால, கிசுமு பக்கத்துல ஒரு ஸ்கூல்ல வாலண்டியரா கணக்கு சொல்லித்தரேன். ஆகஸ்ட்ல அம்மா ரெண்டு வாரம் வராங்க. 64 வயசு, முட்டி வலி, சுத்த சைவம். மசாய் மாரா சரணாலயத்துக்கு மூணு நாள் வேன் டூர் கூட்டிட்டு போகணும்னு எனக்கு ஆசை. அம்மா என்னடான்னா "மிருகம் பாக்கவா அவ்ளோ தூரம் வரேன், வண்டலூர்ல இல்லாததா"ங்கிறாங்க. நீங்க அங்க வாலண்டியரா இருந்தப்ப உங்க அப்பா வந்ததா ஒரே ஒரு வரி எழுதியிருந்தீங்க, அப்புறம் அதைப்பத்தி பேச்சே காணோம். டூர் சரிப்படுமா? இல்ல என் ஆசைக்கு அம்மாவை இழுத்தடிக்கிறேனா?

—

வணக்கம்ங்க. கடைசி கேள்விக்கு முதல்ல சொல்லிடுறேன். ஆமா, உங்க ஆசைக்குத்தான். நானும் அதையேதான் பண்ணேன், எழுதாம விட்டதுக்கு காரணமும் அதான்.

2016 ஜூலை. அப்பாவுக்கு அப்போ 66. ரயில்வேல கார்டா இருந்து ரிடையர் ஆனவரு, பீச்–தாம்பரம் மீட்டர் கேஜ் ஓடின காலத்து ஆளு. ஆப்பிரிக்கான்னா வெயில்தானேன்னு நாலு அரைக்கை சட்டையோட நைரோபில வந்து இறங்கினாரு. அது கிட்டத்தட்ட நம்ம குன்னூர் உயரத்துல இருக்குற ஊரு, ஜூலைல நடுங்கும். என் ஸ்வெட்டரை போட்டுக்கிட்டு ஸ்கூலுக்கு வந்தாரு, பசங்க எல்லாம் "பாபு, பாபு"ன்னு சுத்திக்கிட்டாங்க. ஸ்வாஹிலில பாபுன்னா தாத்தா. அவரு ஸ்டேஷன் பாபுன்னு கூப்பிடுறாங்க போலன்னு ரெண்டு நாள் பெருமையா திரிஞ்சாரு, நானும் சொல்லல.

அப்புறம் மாரா. நரோக்ங்கிற ஊர் தாண்டினதும் அப்ப ரோடுன்னு ஒண்ணு கிடையாது, டிரைவர் "ஆப்பிரிக்கன் மசாஜ், ஃப்ரீ"ன்னு சிரிக்கிறாரு, அங்க எல்லா டிரைவரும் சொல்ற ஜோக்குதான் அது. உள்ள போனதும் ரேடியோ கரகரங்குது, எங்கயோ சிங்கமாம், வண்டியை திருப்பு, அங்க போறதுக்குள்ள அது புதருக்குள்ள போயாச்சு, இன்னொரு பக்கம் சீட்டாவாம், மறுபடி திருப்பு, போய் பார்த்தா ஒரு சீட்டாவை சுத்தி பதினேழு வண்டி நிக்குது. அப்பா கூரை வழியா எட்டிப் பார்த்துட்டு, "முகூர்த்த நாள்ல டி.நகர்ல பார்க்கிங் தேடுற மாதிரி இருக்குடா"ன்னுட்டு உக்காந்துட்டாரு. எனக்கு சுள்ளுன்னு கோவம். எட்டு மாசம் சேர்த்த காசு.

சாயந்திரம் கேம்ப்ல அவர் பையை எடுத்து வைக்கும்போது பார்த்தேன், காலைல குடுத்த தண்ணி பாட்டில் மூடி கூட திறக்கல. அவருக்கு சுகர். அடிக்கடி பாத்ரூம் போகணும், உள்ள நினைச்ச இடத்துல இறங்க முடியாது, சிங்கம் இருக்குற காடு. பையன்கிட்ட சொல்ல கூச்சப்பட்டுக்கிட்டு நாள் பூரா தண்ணியே குடிக்காம வந்திருக்காரு. நான் ஒரு தடவை கூட கேக்கல. சீட்டாவை மட்டும் நாப்பது போட்டோ எடுத்திருந்தேன்.

மறுநாள் "நீ போயிட்டு வா, நான் இங்கயே இருக்கேன்"னாரு. போனேன். சிங்கம் பார்த்தேன், வைல்டுபீஸ்ட்னு மாடு மாதிரி இருக்குற மான், அதோட கூட்டம் பார்த்தேன், பக்கத்துல சொல்ல ஆள் இல்லாம பார்த்தேன்.

மதியம் திரும்பி வந்தா மனுஷன் மாரா ஆத்தங்கரைல கேன்வாஸ் சேர் போட்டு உக்காந்திருக்காரு, பக்கத்துல கேம்ப் வாட்ச்மேன், மசாய்க்காரர், சிவப்பு போர்வை போத்திக்கிட்டு. அப்பா மடியில பாக்கெட் டைரி, கையில வாட்ச்சை கழட்டி வெச்சிருக்காரு. கீழ தண்ணில பதினோரு நீர்யானை. எல்லாத்துக்கும் நம்பர் குடுத்து, எப்ப முங்குச்சு, எப்ப மேல வந்துச்சுன்னு ட்ரெயின் வந்து போற நேரம் குறிக்கிற மாதிரி ரெண்டு வரிசை போட்டு எழுதியிருக்காரு. "மூணாம் நம்பர் நாலு நிமிஷம் இருபது செகண்டு தாங்குது, குட்டி பாவம் ஒரு நிமிஷத்துக்குள்ள மூக்கை நீட்டிடுது. ஏழாம் நம்பருக்கு முதுகுல ரத்தம்டா, நான் பயந்துட்டேன், இவர்தான் சொன்னாரு அது ரத்தம் இல்ல, வேர்வை மாதிரி ஒண்ணு அதுக்கு சிவப்பா வரும், வெயில் தாங்குறதுக்குன்னு." ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்தது அரைகுறை இங்கிலீஷ்தான், நாலு மணி நேரம் பேசியிருக்காங்க.

ராத்திரி என்னை தட்டி எழுப்புறாரு. டென்ட்டுக்கு வெளிய சரக் சரக்னு புல்லு பிடுங்குற சத்தம். இருட்டினதும் அதுங்க கரையேறி மேய வரும், ஒரு ராத்திரிக்கு நாப்பது கிலோ புல்லு வரைக்கும் தின்னும். அப்பா காதுகிட்ட வந்து, "எங்க வீட்டு மாடு இப்படித்தான்டா திங்கும்"னாரு. மதுராந்தகம் பக்கத்துல அவங்க வீட்ல மாடு இருந்துச்சுங்கிறதே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். அது பேரு, அதை வித்த கதை எல்லாம் அந்த இருட்டுல படுத்துக்கிட்டே சொன்னாரு.

அதனால மூணு நாள் வேன் டூர் வேணாம்ங்க. ஆத்தங்கரைல கேம்ப், ரெண்டு ராத்திரி, காலைல மட்டும் ஒரு சின்ன டிரைவ், ரேடியோவை ஆஃப் பண்ண சொல்லிடுங்க. கிசுமுல இருந்து கெரிச்சோ வழியா போனா தேயிலைத் தோட்டமா வரும், வால்பாறை மாதிரியே இருக்குன்னு அம்மா கண்டிப்பா சொல்வாங்க. பாத்ரூமுக்கு நிறுத்தணும்னா டிரைவர்கிட்ட "குச்சிம்பா டாவா"ன்னு சொல்ல அம்மாவுக்கு கத்துக்குடுங்க, மருந்து தோண்டப் போறேன்னு அர்த்தம், அந்த ஊர் நாகரிகம். சாப்பாட்டுக்கு கவலையே வேணாம், சப்பாத்தி, பீன்ஸ், சுகுமா கீரை எல்லா இடத்துலயும் உண்டு. மஞ்சள் காய்ச்சல் ஊசிதான் முக்கியம். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடுறாங்க, ஆனா 60 தாண்டினவங்களுக்கு அதுல ரிஸ்க் கொஞ்சம் கூட, முதல்ல அவங்க டாக்டர்கிட்ட கேட்டுடுங்க. போட்டு பத்து நாள் கழிச்சுதான் சர்டிபிகேட் செல்லும், அது இல்லாம ஊர் திரும்பினா ஏர்போர்ட்லயே பிடிச்சு ஆறு நாள் வரைக்கும் தனியா வெச்சிடுவாங்க. இப்பவே ஆரம்பிங்க. யானை பார்த்தா எதுவும் சொல்லாதீங்க, அங்க பொம்பளை யானைக்கும் தந்தம் இருக்கும், அவங்களே கண்டுபிடிச்சு உங்களுக்கு சொல்லட்டும்.

மாராவுக்கு முன்னாடி உங்க கிளாஸ்ல ஒரு நாள் பின் பெஞ்சுல உக்கார வெச்சிடுங்க. அதைப் பாக்கத்தான் அவங்க வராங்க.

வண்டலூர்னு அம்மா சொன்னதை சும்மா தள்ளாதீங்க. ஊருக்கு திரும்பின அடுத்த மாசமே அப்பா அதே டைரியோட வண்டலூருக்கு போயிட்டு வந்தாரு, பஸ் பிடிச்சு, தனியா. எப்படிப்பா இருந்துச்சுன்னு போன்ல கேட்டேன். "ஒண்ணரை நிமிஷம் கூட முங்க மாட்டேங்குதுடா, தண்ணி ஆழம் பத்தல"ன்னாரு.