ஒரு 60 நிமிட கேசட் அளவுக்கு என் ராக், பாப் பாடல்கள்

கேள்வி: உங்களுக்குப் பிடித்த ஆங்கில ராக், பாப் பாடல்கள் எவை? தமிழ்ப் பாட்டு மட்டுமே கேட்டு வளர்ந்தவர் எதிலிருந்து தொடங்கலாம்?

பட்டியல் போடச் சொன்னால் 200 பாட்டு எழுதிவிடுவேன், ஒன்றைக்கூட யாரும் கேட்கப் போவதில்லை. அதனால் பழைய ரெக்கார்டிங் சென்டர் கணக்கையே வைத்துக்கொள்கிறேன். கிருஷ்ணகிரியில் கேசட் பதிந்து தரும் கடைகள் இருந்த காலத்தில், பாட்டுப் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவோம். 60 கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். ஆங்கிலப் பாட்டு எழுதிக் கொடுத்தால் கடைக்காரர் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: "இது எவ்ளோ நேரம் ஓடும் தம்பி?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வரிகளைப் பிடிக்க முயலாதீர்கள், அடியில் கனத்த குரலில் ஒலிக்கும் பேஸ் கிட்டாரைப் பிடியுங்கள். இளையராஜா கேட்டு வளர்ந்த காதுக்கு இது ஏற்கெனவே பழக்கம். 'மூடுபனி' (1980) படத்தின் 'என் இனிய பொன் நிலாவே'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஜேசுதாஸ் மேலே பாடிக்கொண்டிருக்க, அடியில் பேஸ் தன்பாட்டுக்குத் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போகும். அதை ரசித்தவருக்கு ராக் அந்நியமே இல்லை. இன்னொன்று, போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அதில் பேஸ் வரவே வராது. சுமாரான ஹெட்போன் போதும்.

ஏ பக்கம் மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' (1983). டிரம்ஸ் இரண்டு சுற்று வந்ததும் லூயிஸ் ஜான்சனின் பேஸ் நுழையும், அதன்பிறகு கால் சும்மா இருக்காது. குரல் வருவதற்கே கிட்டத்தட்ட அரை நிமிடம் ஆகும். முன்னிசை நீளம், வெட்டிவிடலாம் என்று தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ் சொல்ல, என்னை ஆட வைப்பதே அதுதான் என்று ஜாக்சன் மறுத்துவிட்டார். இந்த ஒரு பாட்டுக்கு 91 முறை மிக்ஸ் (குரலையும் கருவிகளையும் அளவு பார்த்துக் கலப்பது) போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் இரண்டாவதாகப் போட்டதையே எடுத்துக்கொண்டதாக ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடியன் சொல்லியிருக்கிறார். கல்யாணப் புடவை எடுக்கப் போன கதைதான்.

அடுத்து குவீன் குழுவின் 'அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்' (1980). எழுதியவர் குழுவின் பேஸ் கிட்டாரிஸ்ட் ஜான் டீக்கன். பாட்டே பேஸ்தான், வேறு விளக்கம் தேவையில்லை. அதற்குப் பின் போனி எம்மின் 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' (1978). பைபிளின் 137ஆம் சங்கீதம் அது. பாபிலோன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து சொந்த ஊரை நினைத்து அழும் பாட்டு. முதலில் பாடியவர்கள் ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழுவினர், 1970இல். போனி எம் அதை உலகமே கைதட்டிப் பாடும் பாட்டாக்கிவிட்டார்கள். அழவேண்டிய பாட்டுக்கு எப்படித்தான் ஆடுகிறோமோ!

டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்' (1978) லண்டனில் ஒரு மதுக்கடையில், யாரும் கவனிக்காத கூட்டத்துக்கு முன் வாசிக்கும் சின்னக் குழுவைப் பற்றியது. அதில் ஒருவருக்குப் பகலில் வேறு வேலை இருக்கிறது, மேடைப் புகழ் வராதது பற்றி அவருக்குக் கவலையே இல்லை. மாரியம்மன் திருவிழா ஆர்க்கெஸ்ட்ராவை மேடைக்குப் பின்னால் நின்று பார்த்தவர்களுக்கு இந்த ஆளைத் தெரியும். பகலில் ஒர்க்‌ஷாப், ராத்திரி ரிதம் பேட். குழுவின் பாடகர் மார்க் நாஃப்ளர் பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) இல்லாமல் வெறும் விரலால் கிட்டார் வாசிப்பவர். அதனால்தான் ஒவ்வொரு சுரமும் வாய்விட்டுப் பேசுவதுபோல் கேட்கிறது.

இனி டிரேசி சாப்மனின் 'ஃபாஸ்ட் கார்' (1988). மொத்தப் பட்டியலில் ஒன்றுதான் வைக்கலாம் என்றால் நான் வைப்பது இதைத்தான். நெல்சன் மண்டேலாவின் 70ஆவது பிறந்தநாளுக்காக 1988 ஜூன் 11 அன்று லண்டன் வெம்பிளி மைதானத்தில் நடந்த கச்சேரியில், ஸ்டீவி வொண்டரின் கருவியில் ஒரு பாகம் காணாமல் போய், அவர் மேடையேற முடியாத நிலை. இடைவெளியை நிரப்ப, அன்று ஏற்கெனவே பாடி முடித்திருந்த சாப்மனை மறுபடி ஏற்றினார்கள். கையில் ஒரே ஒரு கிட்டார். உலகம் முழுக்க டிவியில் பார்த்துக்கொண்டிருந்தது. பாட்டு அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிட்டது.

கதை இதுதான். குடிகார அப்பா, விட்டுப்போன அம்மா, அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை நிறுத்திய பெண். காதலனிடம் வேகமான கார் இருக்கிறது. ரொம்ப தூரம்கூடப் போக வேண்டாம், எல்லையைத் தாண்டினால் நகரம், இரண்டு பேரும் வேலை தேடிக்கொள்ளலாம் என்கிறாள். எங்கள் மாவட்டத்துக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயில் கிடையாது, எல்லாம் பஸ்தான். விடியுமுன் பஸ் ஸ்டாண்டில் டிபன் பையோடு நிற்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் ஓசூர் சிப்காட்டில் இறங்குவார்கள், மீதிப்பேர் கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டி. எல்லை, நகரம், வேலை எல்லாம் அப்படியே இருக்கிறது. கார் மட்டும்தான் இல்லை.

இசையில் ஒரு சங்கதியைக் கவனியுங்கள். சரணம் முழுக்க அந்தச் சின்னக் கிட்டார் துணுக்கு சுற்றிச் சுற்றி வரும், எங்கும் நகராது. காரில் வேகமாகப் போன அந்த ராத்திரியை அவள் நினைக்கும்போது மட்டும் டிரம்ஸ் திறந்துகொள்ளும். நினைவு முடிந்ததும் மறுபடி பழைய சுற்று. கடைசியில் காதலனும் குடிக்கிறான், சம்பாதிப்பது அவள்தான். 2023இல் கன்ட்ரி பாடகர் லூக் கோம்ப்ஸ் இதைத் திரும்பப் பாட, வெளியாகி 35 வருடம் கழித்து அமெரிக்கக் கன்ட்ரி இசை விருதில் 'ஆண்டின் சிறந்த பாடல்' பரிசு சாப்மனுக்குக் கிடைத்தது.

ஏ பக்கத்தின் கடைசி ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா'. இதை விட்டால் கமெண்டில் சண்டைக்கு வருவீர்கள். 6 நிமிடம் 30 விநாடி, அதில் கடைசி 2 நிமிடத்துக்கு மேல் டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் மாறி மாறி, பிறகு சேர்ந்து வாசிக்கும் கிட்டார். எனக்குப் பதிந்து கொடுத்த கேசட்டில் அந்த இடத்தில்தான் டேப் தீர்ந்துபோனது. முழுசாகக் கேட்டது வெகுகாலம் கழித்துத்தான். ஃபெல்டர் இந்த மெட்டை முதலில் வீட்டில் கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். ஸ்டுடியோவில் "அதே மாதிரி வாசி" என்று குழுவின் பாடகர் டான் ஹென்லி பிடிவாதம் பிடிக்க, ஃபெல்டருக்கு நினைவில்லை. வீட்டு வேலைக்கார அம்மாவுக்குப் போன் போட்டு, கேசட்டைத் தேடி எடுத்து ரிசீவர் அருகே ஓடவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

பி பக்கத்தை வேகமாகச் சொல்கிறேன். பாப் மார்லியின் 'நோ வுமன் நோ கிரை', 1975இல் லண்டன் லைசியம் மேடையில் பதிவானது மட்டும். ஸ்டுடியோ பதிவு சப்பென்று இருக்கும். லண்டன் என்று சொன்னதும், எங்கள் ஊர் லண்டன்பேட்டையில் இருக்கும் நண்பன், "எங்க தெருவுலயாடா பாடுனாரு?" என்று கேட்பான். டீப் பர்ப்பிளின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்', கிட்டார் வகுப்பில் சேரும் எந்தப் பையனும் முதல் வாரத்திலேயே வாசித்துக் காட்டுவது. குவீனின் 'பொஹீமியன் ராப்சடி' (1975), பாடிய ஃபிரெடி மெர்குரி மகாராஷ்டிரத்தின் பஞ்சகனியில் பள்ளி படித்த பார்சி. பீட்டில்ஸில் 'நார்வீஜியன் வுட்' (1965), ஹாரிசனின் சித்தாருக்காக. பிங்க் ஃபிளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்' ரேடியோவில் ஸ்டேஷன் தேடும் சத்தத்தோடு தொடங்கும். குழுவின் கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மரின் கார் ரேடியோவிலிருந்தே எடுத்தது. அந்த ரேடியோவுக்குள்ளிருந்து மெலிசாக ஒரு கிட்டார் வரும், அறைக்குள் உட்கார்ந்திருக்கும் ஒருவர் தன் கிட்டாரால் அதற்குப் பதில் சொல்வார்.

ராக்கிலேயே அதிரடியான வகையான மெட்டல் ஏன் இல்லை என்பீர்கள். 2007இல் அயர்ன் மெய்டன், 2011இல் மெட்டாலிகா இரண்டுமே பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸுக்கு வந்துபோன குழுக்கள், எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு அவர்கள் குலதெய்வம். எனக்கு ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் மிஞ்சும் 3 நிமிடத்துக்கு சைமன் அண்ட் கார்ஃபங்கலின் 'தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்'. இதற்கு இரண்டு பதிவுகள். 1964இல் வந்ததில் டிரம்ஸ் எல்லாம் கிடையாது, கிட்டாரும் இரண்டு குரலும்தான் முன்னால் நிற்கும். விற்கவில்லை, இருவரும் பிரிந்தே போனார்கள். 1965இல் தயாரிப்பாளர் டாம் வில்சன் அவர்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், அதே பதிவின்மேல் எலக்ட்ரிக் கிட்டார், பேஸ், டிரம்ஸ் எல்லாம் ஏற்றி வெளியிட, 1966 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடம். ஹெட்போன் போட்டு இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அசல்தான் வேண்டும் என்பவர்கள் முதலாவதைத்தான் சொல்வார்கள். எனக்கு இரண்டாவது.