ஒரே சர்வர், பல கடைகள்: டேட்டாபேஸ் இடம் பற்றிக் கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறையில் ஷேர்டு ஹோஸ்டிங் சர்வர் பார்த்துக்கொள்கிறேன். தேங்காய் மண்டி பில்லிங், டியூஷன் சென்டர் சைட் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. கேளுங்க.

வேலந்தாவளம்: அண்ணா, மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் ஒரு யூசருக்கு 500 எம்பி என்று எங்கே செட் பண்றது?

அப்படி ஒரு செட்டிங்கே இல்லைங்க. மணிக்கு இத்தனை குவெரி, ஒரே நேரத்தில் இத்தனை கனெக்ஷன் என்று கட்டலாம், இடத்துக்கு வழியில்லை. கிரானில் (குறித்த நேரத்தில் தானாக வேலையை ஓட்டும் வசதி) ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். அது இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் (டேபிள்களைப் பற்றி மைஎஸ்கியூஎல் வைத்திருக்கும் விவரப் பட்டியல்) டேட்டா அளவையும் இண்டெக்ஸ் அளவையும் டேட்டாபேஸ் வாரியாகக் கூட்டும். எல்லை தாண்டினால் இன்சர்ட், அப்டேட், கிரியேட், ஆல்டர் உரிமைகளைப் பறிக்கும். டெலீட்டை மட்டும் விட்டுவையுங்க, அவர் குப்பையை அள்ள வேண்டாமா? 8-ம் பதிப்பில் இந்தக் கணக்கு 24 மணி நேரம் வரை பழசாக இருக்கலாம், காலாவதி நேரத்தை 0 ஆக்கிவிட்டு எண்ணுங்க.

களியக்காவிளை: பழைய பில் எல்லாம் டெலீட் பண்ணினேன். அளவு குறையலையே?

டேபிளைச் சேமிக்கும் எஞ்சினான இன்னோடிபி, காலியான இடத்தை அடுத்த வரிகளுக்கென்று தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஆப்டிமைஸ் டேபிள் கட்டளை போட்டால் ஃபைல் சுருங்கும். ஆனால் அது புது நகல் எழுதித்தான் மாற்றும், அதற்கே காலி இடம் வேண்டும். இன்சர்ட் உரிமையும் வேண்டும். அதைப் பறித்துவிட்டால் வாடிக்கையாளருக்கு நாம்தான் போட்டுத்தரணும். முதலில் டம்ப் (பேக்கப் நகல்) எடுங்க.

குமுளி: ஏலக்காய் கடை சைட்டுக்கு எந்த வேர்ட்பிரஸ் பிளகின் நல்லது?

வேர்ட்பிரஸ் ஆட்களைக் கேளுங்க.

செங்கோட்டை: டெலீட் பண்ணியும் சைஸ் அப்படியே இருக்கு...

களியக்காவிளைக்காரருக்குச் சொன்னதைப் படிங்க. டம்ப் எடுத்துட்டுச் செய்ங்க.

கஞ்சிக்கோடு: ஸ்கிரிப்ட் எதுக்கு? டேட்டாபேஸ் ஃபோல்டரை வாடிக்கையாளரின் குரூப்புக்கு மாற்றி செட்ஜிஐடி (உள்ளே உருவாகும் ஃபைலையும் அதே குரூப்பில் சேர்க்கும் குறி) போட்டா லினக்ஸ் குரூப் கோட்டாவே (ஒரு குரூப்புக்கான இட எல்லை) பிடிச்சுக்குமே.

பிடிக்கும். ஃபைல்களுக்குச் சொந்தக்காரர் மைஎஸ்கியூஎல் யூசர் என்பதால் யூசர் கோட்டா உதவாது, குரூப் கோட்டா உதவும். ஆனால் பிடித்தபின் என்ன ஆகும்? இன்னோடிபி டேபிள் நிரம்பிவிட்டது என்று எழுத்தை மறுக்கும். பழைய எஞ்சினான மைஐசாமின் டேபிள், இடம் வந்ததா என்று நிமிஷத்துக்கொரு தடவை பார்த்துக்கொண்டு தொங்கும். ஆப்டிமைஸ் நகலும் அதே கோட்டாவில் முட்டும்.

கஞ்சிக்கோடு: உங்க ஸ்கிரிப்ட் ஓடாத இடைவெளியில் ஒருத்தர் டிஸ்க்கையே நிரப்பிட்டா? அப்ப எல்லாருடைய கடையும் நிக்குமே.

அது நியாயம். ஏற்கெனவே திறந்திருக்கும் கனெக்ஷனும் அடுத்த யூஸ் கட்டளை (டேட்டாபேஸைத் தேர்ந்தெடுப்பது) வரை பழைய உரிமையோடு எழுதிக்கொண்டே இருக்கும். ஸ்கிரிப்ட்டே அதைக் கில் பண்ணணும். இனி ரெண்டும் வைக்கலாம்: எல்லையில் ஸ்கிரிப்ட், அந்த எல்லையைவிட நல்ல உயரத்தில் உங்க கோட்டா.

வேலந்தாவளம்: ஐபிடேட்டா1 ஃபைல் ரொம்பப் பெருசா இருக்கு, அழிச்சிடவா?

தொடாதீங்க! அது இன்னோடிபியின் பொது ஃபைல், எல்லா வாடிக்கையாளரின் டேபிளும் அதை நம்பித்தான் நிற்குது. மொத்த டம்ப் எடுத்து, வேற மெஷினில் ஏற்றிப் பார்த்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.