குடும்பத் தொழிலை வளர்த்து, ஊருக்கும் திருப்பிக் கொடுத்த பெண் தொழில்முனைவோர் என்றால் உங்களுக்கு யார் நினைவுக்கு வருகிறார்?

பட்ரீஷியா நாராயண். சென்னையில் சந்தீபா உணவகங்களைத் தொடங்கியவர்.

காதல் கல்யாணம், போதைக்கு அடிமையான கணவர், கையில் இரண்டு குழந்தைகள். ஊறுகாய், ஜாம் செய்து அம்மாவின் அலுவலகத்தில் விற்கக் கொடுத்தார். அப்புறம் 1982இல் மெரினாவில், அண்ணா சதுக்கம் பக்கம் ஒரு தள்ளுவண்டி. முதல் நாள் விற்றது ஒரே ஒரு காபி, 50 காசு. மறுநாளே வியாபாரம் 600 ரூபாயைத் தாண்டியது. சுண்டல், கடலை மட்டுமே கிடைத்த கடற்கரையில் கட்லெட்டும் சமோசாவும் ஜூஸும் போட்டால் கூட்டம் வராதா என்ன?

வண்டியைக் கொடுத்தவர் மாற்றுத்திறனாளிகளுக்குப் பள்ளி நடத்தியவர். இரண்டு மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தர வேண்டும் என்பதுதான் அவர் போட்ட நிபந்தனை. டீ, காபி போட அவர்களுக்குப் பட்ரீஷியாவே கற்றுக்கொடுத்தார்.

அந்த 50 காசு காபியை எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஆனால் அவரைத் தூக்கி நிறுத்தியது கேன்டீன் காண்ட்ராக்ட்தான் என்பது என் கருத்து. குடிசை மாற்று வாரிய கேன்டீனில் காலையில் இட்லி, சாயங்காலம் திரும்பக் கடற்கரை என்று ஓடியவருக்குத் துறைமுக மேலாண்மைப் பயிற்சி நிறுவனத்தின் மெஸ் கிடைத்தது. சுமார் 700 மாணவர்கள், மூன்று வேளைச் சாப்பாடு. முதல் வாரப் பணமே 80,000 ரூபாய். என் சித்தப்பா கல்லூரி மெஸ் எடுத்து நடத்தியவர். கடற்கரையில் மழை பெய்தால் அன்றைய வியாபாரம் போச்சு, மெஸ்ஸில் மழையானாலும் 700 தட்டு உண்டு என்பார். அதே சமயம் ஒரு நாள் சாம்பார் கெட்டாலும் 700 பேர் வாயிலும் விழ வேண்டும்!

2004இல் மகளும் மருமகனும் சாலை விபத்தில் இறந்தார்கள். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இறந்தவர்களை ஏற்ற மாட்டோம் என்று ஆம்புலன்ஸ்காரர்கள் சொல்லிவிட, உடல்களை ஒரு காரின் டிக்கியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். ஒரு தாய் அதைப் பார்க்க நேர்ந்தது.

அதற்குப் பிறகு அவர் சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கும் அச்சிறுபாக்கத்தில் ஒரு ஆம்புலன்ஸ் விட்டார். அடிபட்டவர் உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏற்ற வேண்டும் என்பது அதன் விதி. தமிழ்நாட்டில் 108 வந்ததே 2008இல்தான். அந்த நெடுஞ்சாலையில் அதற்கு முன் விபத்து என்றால் பெரும்பாலும் அந்தப் பக்கம் போகிற லாரியோ காரோ நின்றால் உண்டு.

2006இல் மகனோடு சேர்ந்து மகள் நினைவாகச் சந்தீபா உணவகத்தைத் திறந்தார். தொழில் வர்த்தக அமைப்பான ஃபிக்கியின் விருதும் பின்னால் வந்தது. நன்கொடை தருகிற முதலாளிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தனக்கு மறுக்கப்பட்டது எதுவோ, சரியாக அதையே முன்பின் தெரியாதவர்களுக்கு ஏற்பாடு செய்தார் என்பதால்தான் நான் இவர் பெயரைச் சொல்கிறேன்.