கடவுச்சொல் சரி, ஆனாலும் அட்லஸ் உள்ளே விடவில்லை

வணக்கம். மோங்கோடிபி அட்லஸ் என்ற இணையவழி டேட்டாபேஸ் சேவையில் 'பேட் ஆத்' (bad auth, அதாவது அடையாளச் சோதனை தோல்வி) பிழை வருகிறது, அனுமதிக்கும் ஐபி முகவரிகளின் பட்டியலில் 0.0.0.0/0 (எல்லா முகவரிக்கும் அனுமதி) சேர்த்தும் போகவில்லை என்கிறீர்கள். அது ஐபி சிக்கலே இல்லை. ஐபி தடுத்திருந்தால் வழக்கமாக 30 விநாடி காத்திருந்து டைம்அவுட் ஆகியிருக்கும். உங்களுக்கோ சர்வர் பதில் சொல்கிறது, ஆளைத்தான் அடையாளம் தெரியவில்லை.

அட்லஸ் தளத்தில் லாகின் செய்யும் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில் (உங்கள் செயலி டேட்டாபேஸுடன் இணையப் பயன்படுத்தும் முகவரி வரி) போட்டிருக்கிறீர்களா? பலரும் இதில்தான் மாட்டுகிறார்கள். அந்தக் கணக்கு வேறு, டேட்டாபேஸ் யூசர் வேறு. அட்லஸில் டேட்டாபேஸ் யூசர்களுக்கான பக்கத்தில் தனியாக ஒரு யூசரை உருவாக்கி, அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும்தான் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே யூசர் இருந்தால் பழைய கடவுச்சொல்லைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அதை அட்லஸ் திரும்பக் காட்டாது. புதிதாக மாற்றிவிட்டு, மாற்றம் உங்கள் டேட்டாபேஸ் ஓடும் சர்வர்களான கிளஸ்டருக்குப் போய்ச் சேரும்வரை கொஞ்சம் பொறுங்கள்.

அப்புறம், நகலெடுத்த ஸ்ட்ரிங்கில் கடவுச்சொல்லுக்கான இடத்தைச் சுற்றி < > குறிகள் இருக்கும். அவற்றையும் நீக்க வேண்டும். நான் அதை விட்டுவிட்டு ஒரு மாலை முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டேன்!

கடவுச்சொல்லில் @ இருந்தால் %40 என்றும், # இருந்தால் %23 என்றும் எழுதுங்கள். இல்லையென்றால் கடவுச்சொல் எங்கே முடிகிறது, சர்வர் பெயர் எங்கே தொடங்குகிறது என்று உங்கள் செயலியை டேட்டாபேஸுடன் இணைக்கும் டிரைவர் குழம்பும். எழுத்தும் எண்ணும் மட்டுமே உள்ள நீளமான கடவுச்சொல் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

சரியானதும் அந்த 0.0.0.0/0 வரியை எடுத்துவிட்டு, உங்கள் செயலி ஓடும் சர்வரின் ஐபியை மட்டும் வையுங்கள். இப்போது ஊருக்கே கதவு திறந்து கிடக்கிறது.