லினக்ஸ் கேள்வி பதில்: பின்னணியில் ஓடும் கம்பைல் சர்வர்கள்

கேள்வி: எங்கள் கல்லூரி லேபில் உபுண்டு போட்ட 12 கணினிகள் இருக்கின்றன. மாணவர்கள் ஓபன்சிவி மாதிரி பெரிய சி++ நூலகத்தைக் கம்பைல் செய்ய உட்கார்ந்தால் ஒரு கணினி மூச்சு வாங்கும், மற்ற 11 கணினிகளும் சும்மா இருக்கும். அவற்றையும் வேலை வாங்க முடியுமா, மேடம்?
— லேப் உதவியாளர், விருதுநகர்

முடியும். ஒரு பொறியியல் கல்லூரியின் லேபை 16 வருடம் பார்த்துக்கொண்டவள் நான். இதே காட்சியைத் தினமும் பார்த்துதான் டிஸ்ட்சிசி பக்கம் வந்தேன். ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் பூல் 2002-ல் எழுதத் தொடங்கிய கருவி இது.

கம்பைல் என்பது நாம் எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது. அதைப் பகிர டிஸ்ட்சிசி செய்வது இவ்வளவுதான். ஒவ்வொரு சி++ கோப்பையும் முதலில் உங்கள் கணினியே ப்ரீப்ராசஸ் செய்யும். அதாவது ஹெடர்களை எல்லாம் உள்ளே இழுத்து ஒரே நீளமான கோப்பாக ஆக்கும். அதை நெட்வொர்க் வழியாக இன்னொரு கணினிக்கு அனுப்பும். அங்கே பின்னணியில் காத்திருக்கும் டீமன் என்ற நிரல் அதைக் கம்பைல் செய்து ஆப்ஜெக்ட் கோப்பை, அதாவது கம்பைல் ஆன துண்டை, திருப்பித் தரும். கடைசியில் அந்தத் துண்டுகளை ஒன்றாகச் சேர்ப்பது, அதாவது லிங்க் செய்வது, மறுபடி உங்கள் கணினிதான். அதனால் உதவிக்கு வரும் கணினிகளில் ஓபன்சிவியின் ஹெடர் எதுவும் வேண்டாம். கம்பைலர் மட்டும் எல்லாவற்றிலும் ஒரே பதிப்பாக இருக்கட்டும். உபுண்டு 20.04 கணினியில் ஜிசிசி கம்பைலரின் 9-ம் பதிப்பு இருக்கும், 22.04 கணினியில் 11 இருக்கும். இரண்டையும் கலந்தால் எப்போதோ ஒரு நாள் காரணம் புரியாத பிழை வரும். முதலில் 12 கணினிகளையும் ஒரே பதிப்புக்குக் கொண்டுவாருங்கள்.

எவ்வளவு வேகம் கிடைக்கும் என்று அடுத்துக் கேட்பீர்கள். டிஸ்ட்சிசியை உருவாக்கியவர்களே ஒரு கணக்கு கொடுத்திருந்தார்கள். ஒரு பென்டியம் 4 கணினியில் லினக்ஸ் 2.4.19 கெர்னலைக் கம்பைல் செய்ய 6 நிமிடம் 45 வினாடி ஆனது. அதே மாதிரி 3 கணினிகளில் பகிர்ந்தபோது 2 நிமிடம் 30 வினாடி. கணினி கூடக்கூட இந்த விகிதம் குறையும், ஏனென்றால் ப்ரீப்ராசஸும் லிங்கும் உங்கள் ஒரே கணினியின் தலையில்தான் இருக்கின்றன. 12 கணினி இருப்பதால் 12 மடங்கு என்று மாணவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: டிஸ்ட்சிசி நிறுவி, உதவும் கணினிகளின் ஹோஸ்ட் பட்டியலும் எழுதிவிட்டேன். ஆனாலும் என் கணினி மட்டும்தான் உழைக்கிறது.
— முதுகலை மாணவர், திருச்சி

டிஸ்ட்சிசிமான்-டெக்ஸ்ட் என்ற கட்டளைக்குப் பின்னால் 1 என்று போட்டு இன்னொரு டெர்மினலில் ஓடவிடுங்கள். எந்தக் கோப்பு எந்தக் கணினியில் இருக்கிறது என்று வினாடிக்கு ஒருமுறை காட்டும். எல்லா வரியிலும் லோக்கல்ஹோஸ்ட் என்றே வந்தால் இரண்டு இடத்தைப் பாருங்கள். மேக் கட்டளையில் ஜே தேர்வுக்குப் பின்னால் போதிய எண் இருக்கிறதா? இது முதலாவது. இரண்டாவது, கம்பைலர் தேர்வுகளில் மார்ச் ஈக்வல்ஸ் நேட்டிவ் என்று எழுதியிருக்கிறீர்களா? இந்தக் கணினியின் ப்ராசஸருக்கு ஏற்றபடி செய் என்பது அதன் பொருள். வேறு கணினிக்கு அனுப்பினால் அது தன் ப்ராசஸருக்கு ஏற்றபடி செய்துவிடும் என்பதால், டிஸ்ட்சிசி அந்தக் கோப்பை வெளியே அனுப்பவே அனுப்பாது. எனக்கு வந்த புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒற்றை வரியால் வந்தவைதான்.

கேள்வி: டிஸ்ட்சிசி டீமனை எல்லா முகவரியிலும் கேட்கும்படி திறந்து வைத்திருக்கிறேன். அலுவலகம், வீடு, எங்கிருந்தும் கம்பைல் செய்ய வசதியாக இருக்கிறது. இதில் ஆபத்து உண்டா?
— மென்பொருள் பணியாளர், கோவை

உண்டு. இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அதை மூடுங்கள்.

3632 என்ற போர்ட்டில் காத்திருக்கும் இந்த டீமன் யாரிடமும் கடவுச்சொல் கேட்காது. வரும் தரவு மறைகுறியாக்கப்பட்டும் இருக்காது. வருகிறவர் நம்மவர்தான் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது அது. 2004-ஆம் ஆண்டு வரிசையில் இதற்கு ஒரு பாதுகாப்புக் குறை எண் இருக்கிறது: சிவிஇ-2004-2687. அன்றைய டிஸ்ட்சிசி, கம்பைல் செய்யச் சொல்லி வரும் கட்டளையை அப்படியே ஓட்டும். கம்பைலர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எந்தக் கட்டளையையும் ஓட்டக்கூடிய ஷெல்லின் பெயரைப் போட்டு அனுப்பினால் ஷெல்லையும் ஓட்டும். பாதுகாப்புப் பயிற்சிக்கென்றே ஓட்டைகளோடு தயாரித்த மெட்டாஸ்பிளாய்ட்டபிள் 2-ல் இந்த டீமன் இன்றைக்கும் ஒரு பாடமாக உட்கார்ந்திருக்கிறது.

நான் இதைப் பட்டுத்தான் கற்றேன். லேபில் ஒரு கணினிக்கு வெளியிலிருந்து அணுகக்கூடிய ஐபி முகவரி இருந்தது. வீட்டிலிருந்து சோதித்துப் பார்க்க ஒரு நாள் மாலை அனுமதியை எல்லோருக்கும் திறந்தேன், திரும்ப மூட மறந்துவிட்டேன். செமஸ்டர் செய்முறைத் தேர்வு வாரத்தில் அந்தக் கணினியின் விசிறி அலறிக்கொண்டே இருந்தது. ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் டாப் கட்டளையை ஓட்டிப் பார்த்தால், டிஸ்ட்சிசி என்ற பயனர் பெயரில் எனக்குத் தெரியாத ஒரு ப்ராசஸ் எல்லாக் கோர்களையும் தின்றுகொண்டிருந்தது. அந்தக் கணினியை முழுவதுமாக அழித்து மறுபடி நிறுவினேன். அன்று தேர்வு எழுத வேண்டிய மாணவி வேறு இடம் கிடைக்கும்வரை 40 நிமிடம் வாசலில் நின்றார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

புதிய பதிப்புகளில் அனுமதித்த கம்பைலர்களுக்கென்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் இல்லாததை டீமன் ஓட்டாது. அதற்காகக் கதவைத் திறந்து வைக்கலாம் என்று ஆகாது. டெபியன், உபுண்டுவில் இடிசி அடைவுக்குள் டிஃபால்ட் என்ற அடைவில் டிஸ்ட்சிசி என்ற கோப்பு இருக்கும். அதில் அலவ்டுநெட்ஸ் வரியில் உங்கள் உள் நெட்வொர்க்கை மட்டும் எழுதுங்கள், உதாரணமாக 192.168.1.0/24. லிசனர் வரியில் உள் நெட்வொர்க் கார்டின் முகவரியைக் கொடுங்கள். அப்புறம் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலிலும் 3632-ஐ அதே நெட்வொர்க்குக்கு மட்டும் திறங்கள். இரண்டு பூட்டு இருப்பதில் தவறில்லை. வீட்டிலிருந்து வேலை செய்தே ஆக வேண்டுமென்றால் ஹோஸ்ட் பட்டியலில் பெயருக்கு முன்னால் அட் குறியைச் சேருங்கள். எஸ்எஸ்ஹெச் என்ற மறைகுறியாக்கப்பட்ட இணைப்பு வழியாகப் போகும். கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், ஆனால் கதவு மூடியே இருக்கும்.

கேள்வி: என் கணினியை நண்பர்களின் கம்பைல் சர்வராக விட்டுக்கொடுத்தேன். அவர்கள் பெரிய ப்ராஜெக்டைத் தொடங்கினால் என் மவுஸ் கூட நகர மாட்டேன் என்கிறது. 4 கோர், 4 ஜிபி மெமரி. டீமனையே எடுத்துவிடலாமா?
— கல்லூரி மாணவி, மதுரை

எடுக்க வேண்டாம், அளவு போடுங்கள். கணினி உங்களுடையது, டீமன் அதில் விருந்தாளி. எனக்கு வரும் கடிதங்களில் எல்லோரும் வேகத்தைக் கேட்கிறார்கள், இந்த அளவைப் பற்றி நீங்கள் ஒருவர்தான் கேட்டிருக்கிறீர்கள்.

எண் எதுவும் சொல்லாவிட்டால் டீமன் கோர்களின் எண்ணிக்கையோடு 2 கூட்டி, அத்தனை வேலையை ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளும். உங்கள் கணினிக்கு 6. டெம்ப்ளேட் நிறைந்த ஒரு சி++ கோப்பு ஒன்றே 1 ஜிபி மெமரி கேட்கலாம். ஆறு கோப்பு சேர்ந்து வந்தால் 4 ஜிபி எப்படித் தாங்கும்? மெமரி போதாமல் டிஸ்கைப் பயன்படுத்தும் ஸ்வாப்பில் இறங்கும்போதுதான் மவுஸ் நின்றுபோகிறது. முதலில், மேலே சொன்ன டிஸ்ட்சிசி கோப்பின் ஜாப்ஸ் வரியில் 2 என்று எழுதுங்கள். நண்பர்களின் ஹோஸ்ட் பட்டியலிலும் உங்கள் முகவரிக்குப் பின்னால் சாய்கோடு போட்டு 2 என்று எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது சிஸ்டம்டி, லினக்ஸில் பின்னணிச் சேவைகளை நிர்வகிப்பது அதுதான். சிஸ்டம்சிடிஎல் எடிட் டிஸ்ட்சிசி என்று ரூட்டாகக் கொடுத்தால் ஒரு கோப்பு திறக்கும். அதில் சர்வீஸ் என்ற தலைப்பின் கீழ் மூன்று வரி போதும். மெமரிமேக்ஸ் 1500 எம்பி, சிபியுகோட்டா 200 சதவீதம், ஓஓஎம்பாலிசி கன்டின்யூ. 200 சதவீதம் என்றால் இரண்டு கோர். மீதி இரண்டு எப்போதும் உங்களுக்கு. நைஸ் எண்ணை ஏற்றி டீமனின் முன்னுரிமையைக் குறைத்தால் போதாதா என்று கேட்பார்கள். என் அனுபவத்தில் அது மட்டும் போதவில்லை.

மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள். மெமரி எல்லை தாண்டினால் கெர்னல் ஒரு கம்பைலரைக் கொல்லும். அது சரிதான், அந்தக் கோப்பை உங்கள் நண்பரின் கணினி தானே கம்பைல் செய்துகொள்ளும். ஆனால் சிஸ்டம்டியின் வழக்கப்படி, ஒரு ப்ராசஸ் அப்படிக் கொல்லப்பட்டால் சர்வீஸ் முழுவதையும் நிறுத்திவிடும். கன்டின்யூ என்று எழுதினால்தான் டீமன் தொடர்ந்து ஓடும். சேமித்த பிறகு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து, சர்வீஸின் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லில் ஒரு மணி நேரம் கவனியுங்கள்.

கேள்வி: ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை மூடிய பிறகும் ஜாவா ப்ராசஸ்கள் இரண்டு மூன்று மெமரியைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. வைரஸா?
— செயலி உருவாக்குபவர், ஈரோடு

வைரஸ் இல்லை. அவையும் கம்பைல் சர்வர்கள்தான், ஸ்டுடியோவின் பில்ட் கருவியான கிரேடிலின் டீமனும் கோட்லின் மொழிக் கம்பைலரின் டீமனும். ஜாவாவைத் தொடங்கிச் சூடேற்ற நேரம் ஆகும் என்பதால் அடுத்த பில்டுக்காகக் காத்திருக்கின்றன. கிரேடில் டீமன் 3 மணி நேரம் வேலை வராவிட்டால்தான் தானாக நிற்கும்.

கிரேடில் டீமனே இரண்டு மூன்று இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஸ்டுடியோ தன்னோடு வந்த ஜாவாவைப் பயன்படுத்துகிறது. டெர்மினலில் உங்கள் ஜாவாஹோம் வேறொன்றைக் காட்டுகிறது. ஜாவா மாறினால் பழைய டீமன் பொருந்தாது என்று கிரேடில் புதிதாக ஒன்றைத் தொடங்கும். இரண்டு இடத்திலும் ஒரே ஜாவாவை வையுங்கள், பாதிப் பிரச்சினை போய்விடும். கிரேடில் ஸ்டேட்டஸ் என்று கேட்டால் எத்தனை ஓடுகிறது என்று தெரியும், கிரேடில் ஸ்டாப் நிறுத்தும். ஆனால் எந்தப் பதிப்பிலிருந்து கட்டளை கொடுக்கிறீர்களோ அந்தப் பதிப்பின் டீமன்களை மட்டுமே நிறுத்தும்.

கேள்வி: ராஸ்பெரி பை 4-க்கான கம்பைல் வேலையை என் இன்டெல் கணினிக்கு அனுப்பினேன். கம்பைல் ஆகிறது, லிங்க் செய்யும்போது ஃபைல் இன் ராங் ஃபார்மட் என்று நிற்கிறது.
— பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்

சார், பை அனுப்பிய கோப்பை இன்டெல் கணினி தன் சொந்த ஜி++ கொண்டு இன்டெலுக்கே கம்பைல் செய்து திருப்பியிருக்கிறது. இன்டெல் கணினியில் பையின் ப்ராசஸர் வகையான ஆர்ம் 64-க்குக் கம்பைல் செய்து தரும் கிராஸ் கம்பைலரை, பையில் உள்ள அதே பதிப்பில் நிறுவுங்கள். பையில் ஜி++ என்று சுருக்கமாக எழுதாமல் ஏஆர்ச்64-லினக்ஸ்-க்னூ-ஜி++ என்று முழுப் பெயரைக் கொடுங்கள். அந்தப் பெயர் இன்டெல் கணினியின் அனுமதிப் பட்டியலிலும் இருக்க வேண்டும். அப்டேட்-டிஸ்ட்சிசி-சிம்லிங்க்ஸ் என்று ஒருமுறை ஓட்டினால் சேர்ந்துவிடும். முன்பு வந்த ஆப்ஜெக்ட் கோப்புகளை மேக் கிளீன் கொடுத்து அழித்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் பழைய இன்டெல் கோப்பு ஒன்று உள்ளேயே இருந்து மறுபடி அதே பிழையைக் காட்டும்.

கேள்வி: எனக்கு இருப்பது ஒரே லேப்டாப். இதெல்லாம் எனக்கு உதவுமா?
— வாசகர், நாகர்கோவில்

சிகேஷ் நிறுவுங்கள். முன்பு கம்பைல் செய்த கோப்பு மாறாமல் திரும்ப வந்தால், சேமித்து வைத்த ஆப்ஜெக்டை எடுத்துக் கொடுத்துவிடும். டீமன் கிடையாது, போர்ட் கிடையாது. சேமிப்பின் எல்லை 5 ஜிபி என்று இருக்கும். டிஸ்கில் இடம் குறைவாக இருந்தால் சிகேஷ் கட்டளைக்கு பெரிய எம் தேர்வோடு 2ஜி என்று கொடுத்துக் குறைத்துக்கொள்ளலாம்.