தைப்பூசத்துக்கு மொரிஷியஸில் வீடு எடுத்திருக்கிறோம், புயல் வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

சென்னையிலிருந்து ஐந்து பேர் வருவதாகவும், வீட்டுக்கு முழுப் பணமும் கட்டிவிட்டதாகவும், முடிந்தால் அப்படியே பக்கத்து பிரெஞ்சுத் தீவான ரீயூனியனும் பார்க்க நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கிடைக்கலாம், ஆனால் பயந்துபோய் நீங்களே முதலில் கேன்சல் பட்டனை அழுத்தாமல் இருக்க வேண்டும்.

நான் திருநெல்வேலிக்காரி. கல்யாணமாகி மொரிஷியஸில் கத்ர் போர்ன் என்ற ஊருக்கு வந்து 14 வருடம் ஆகிறது. கோர் தெ கார்ட் மலை முருகன் கோவில் பக்கம்தான், அதனால் எங்கள் மாடி வீட்டைக் காவடி சமயத்தில் வாடகைக்கு விடுகிறோம். இங்கே புயல் காலம் நவம்பரில் தொடங்கி மே பாதி வரை போகும். தைப்பூசம் அதன் நட்டநடுவில் வருகிறது. தெரிந்துதானே பதிவு செய்தீர்கள் என்று வீடு பதிவு செய்யும் இணையத் தளங்கள் கேட்பது இதை வைத்துத்தான். ஏர்பிஎன்பி 2024 ஜூனில் மாற்றிய விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பருவத்தில் எதிர்பார்க்கக்கூடிய புயல் என்றால், புயல் வந்தது என்பதற்காக மட்டும் பணம் தரமாட்டார்கள். அந்தப் புயலால் அரசு வெளியேறச் சொல்லியிருக்க வேண்டும், அல்லது பயணத்துக்குத் தடை போட்டிருக்க வேண்டும், அல்லது மின்சாரம், தண்ணீர் பெரிய அளவில் நின்றுபோயிருக்க வேண்டும். அதுவும் வீடு இருக்கும் இடத்தில். சென்னையில் உங்கள் விமானம் ரத்தானால் அது வீட்டுக் கணக்கில் சேராது.

இங்கே எச்சரிக்கை கிளாஸ் 1 முதல் 4 வரை. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று வீசக்கூடும் என்றால் 36 முதல் 48 மணி நேரம் முன்னாலேயே கிளாஸ் 1 போட்டுவிடுவார்கள். அந்தக் கட்டத்தில் கடை திறந்திருக்கும், பஸ் ஓடும். கிளாஸ் 3 வந்தால்தான் எல்லாம் அடைப்பு. ஆனால் வெளியூர்க்காரர்கள் பதறிப்போய் கேன்சல் செய்வது பெரும்பாலும் கிளாஸ் 1 வருவதற்கும் முன்னால்.

எங்கள் வீட்டிலேயே நடந்தது. 2024 ஜனவரி 15, பொங்கலன்று பெலால் புயல். அன்றைக்குத்தான் ரீயூனியனிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் மாடிக்கு வர வேண்டும், அதில் இரண்டு பேர் காவடி எடுப்பவர்கள், 25ஆம் தேதி தைப்பூசம் முடிந்து 26 கிளம்புவதாகப் பேச்சு. 11 இரவு, இரவுக்கு 3,000 மொரிஷியஸ் ரூபாய். புயல் அவர்கள் தீவை நோக்கிப் போகிறது என்ற செய்தியைப் பார்த்துவிட்டு 13ஆம் தேதி ராத்திரியே அந்தக் குடும்பத்துப் பையன் கேன்சல் செய்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நேரத்தில் எங்கள் பக்கம் கிளாஸ் 3 இல்லை, தடை எதுவும் இல்லை. தளம் முதல் இரவு முழுசு, மீதி பத்து இரவில் பாதி என்று கணக்குப் போட்டு 18,000 ரூபாயை வைத்துக்கொண்டு 15,000 மட்டும் திருப்பியது.

இரண்டு நாள் பொறுத்திருக்கலாம். 15ஆம் தேதி ரீயூனியனில் ஊதா எச்சரிக்கை, யாரும் வெளியே வரக்கூடாது. இங்கே போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துக்கொண்டு போனது, கிளாஸ் 3, விமான நிலையம் மூடல், ஊரடங்கு. அன்றைக்குக் கேட்டிருந்தால் தளத்தால் அவ்வளவு சுலபமாக மறுத்திருக்க முடியாது.

ஷட்டர் எல்லாம் இறக்கி, கரண்ட் போய், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குக்கரில் பொங்கல் வைத்துக்கொண்டிருக்கிறேன், அந்தப் பையனின் அம்மா என் கணவருக்கு ஃபோன் செய்தார். பேச்சு இந்தத் தீவுகளில் பேசும் கிரியோல் மொழியில்தான். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "விரதம் தொடங்குகிறோம், மாடி இன்னும் காலியா?" என்று மட்டும் கேட்டார். 19ஆம் தேதி வந்து ஏழு இரவு தங்கினார்கள். பிடித்த 18,000ஐக் கழித்துக்கொண்டு மீதி 3,000 வாங்கினோம் (கமிஷன் போக எங்கள் கைக்கு வந்தது அதைவிடக் குறைவு, அது வேறு வயிற்றெரிச்சல்). பணத்தைத் திருப்பிக் கேட்டால் முகம் சுளிக்கிற வீட்டுக்காரர்கூட தேதியை மாற்றச் சொன்னால் பெரும்பாலும் சரி என்பார். முதலில் அதைக் கேளுங்கள்.

இன்னொரு சங்கடம். 1960இல் கரோல் புயல் மரவீடுகளையும் தகரக் கூரைகளையும் வாரிக்கொண்டு போன பிறகு இங்கே பெரும்பாலும் கான்கிரீட் வீடுகள்தான். புயல் முடிந்தால் வீடு அப்படியே நிற்கும். வீடு நன்றாகத்தானே இருக்கிறது, நீங்கள்தானே வரவில்லை என்று கேட்க வீட்டுக்காரருக்கு இடம் உண்டு. அப்போது பேச வேண்டியது கூரையைப் பற்றியில்லை, தண்ணீரையும் கரண்டையும் பற்றி. 2025 பிப்ரவரி 28 கராஞ்ஸ் புயல் ரீயூனியனை அடித்தபோது நாங்கள் மார்ச் முதல் வாரத்துக்கு அங்கே சேன்ட் ஆந்த்ரேயில் வீடு எடுத்திருந்தோம். நான் கேன்சல் செய்யவே இல்லை. தளத்தின் மெசேஜிலேயே, வாட்ஸாப்பில் அல்ல, "கரண்ட், தண்ணீர் இருக்கிறதா?" என்று ஒரே வரி கேட்டேன். இரண்டும் இல்லை, எப்போது வரும் என்று தெரியாது என்று அந்த அம்மா நேர்மையாக பதில் போட்டார். அந்தப் பதிலைக் காட்டியே முழுப் பணமும் வந்துவிட்டது.

பயண இன்ஷூரன்ஸ் எடுப்பதென்றால் இப்போதே எடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்தால் அந்தப் புயலுக்குப் பொதுவாக ஒன்றும் தேறாது. ரீயூனியனிலிருந்து கிளம்பும் விமானத்துக்கு ஐரோப்பிய விதி பொருந்தும்: ரத்தானால் டிக்கெட் பணமோ வேறு விமானமோ உங்கள் விருப்பம், காத்திருக்கும்போது சாப்பாடும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு, புயல் என்பதால் நஷ்டஈடு மட்டும் கிடையாது.

ஒருவேளை நீங்கள் தளம் எதுவும் இல்லாமல் தெரிந்தவர் மூலம் வங்கியில் பணம் போட்டிருந்தால் (கோவில் பக்கம் இப்படித்தான் நிறைய நடக்கிறது) மேலே சொன்ன எந்த விதியும் உங்களுக்கு இல்லை, எழுதி வாங்கியது மட்டும்தான். நான் நேரடியாக வருகிறவர்களுக்கு அனுப்புவது இது, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: "வருகிற நாளிலோ அதற்கு முந்தைய நாளிலோ கிளாஸ் 3 போட்டாலோ விமான நிலையம் மூடினாலோ, அந்த வருடத்துக்குள் வேறு தேதி, அது வேண்டாமென்றால் பத்து நாளில் முழுப் பணம்."