வேலை இல்லன்னா ஜீவனாம்சம் என்ன ஆகும்? சில கேள்விகளும் பதில்களும்

இந்த தடவ வந்த கேள்வில பாதிக்கு மேல வேலை இல்லாதவங்க கேட்டது, இல்லன்னா "வேலை இல்ல"ன்னு சொல்ற ஆள்கிட்ட மாட்டிக்கிட்டவங்க கேட்டது. அதனால எல்லாத்தையும் சேர்த்தே எழுதிடறேன்.

பி.இ. படிச்சிருக்கேன். குழந்தை பிறந்ததும் வேலைய விட்டுட்டேன், 6 வருஷமாச்சு. "படிச்சவதானே, சம்பாதிச்சுக்கோ"ன்னு வீட்டுக்காரர் வக்கீல் சொல்றார். எனக்கு எதுவும் கிடைக்காதா?

கிடைக்கும்மா, பயப்படாதீங்க. சம்பாதிக்க தகுதி இருக்குறது வேற, நிஜமா சம்பாதிக்கிறது வேறன்னு 2017லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. குடும்பத்துக்காக வேலைய விட்டிருந்தா அதையும் கணக்குல எடுக்கணும்னு 2020 நவம்பர்ல வந்த தீர்ப்புல இருக்கு, அதுல மெயின்டனன்ஸ் பெட்டிஷன் (ஜீவனாம்ச மனு) போட்ட தேதிலேருந்தே கணக்குன்னும் சொல்லிருக்காங்க, அதனால சமரசம் பேசுவோம் பேசுவோம்னு மாசக்கணக்கா தள்ளாதீங்க. கேஸ் நடக்கும்போதே இந்து திருமண சட்டம் 24வது பிரிவுல இடைக்கால ஜீவனாம்சமும் கேஸ் செலவும் கேக்கலாம். நோட்டீஸ் போய் சேந்த 60 நாள்ல முடிக்க பாக்கணும்னு சட்டத்துல இருக்கு, நடைமுறைல வாய்தா இழுக்கும், அதுக்கு மனச தயார் பண்ணிக்கோங்க.

ஒண்ணு மட்டும், நல்லா படிச்சு ஏற்கனவே வேலை பாத்தவங்க ஜீவனாம்சத்துக்காக சும்மா உக்காரக்கூடாதுன்னு 2025ல டெல்லி ஹைகோர்ட் ஒரு கேஸ்ல மறுத்திருக்கு. அதனால வேலைக்கு அப்ளை பண்ண மெயில், இன்டர்வியூ போனதுக்கு ஆதாரம் எல்லாம் எடுத்து வைங்க. டியூஷன் எடுத்து 4,000 வந்தாலும் கோர்ட்ல குடுக்குற அஃபிடவிட்ல (சத்தியப்பிரமாண பத்திரம்) மறைக்காதீங்க, குறுக்கு விசாரணைல அது வெளிய வந்தா நீங்க சொன்ன உண்மையையும் நம்ப மாட்டாங்க.

மாசம் 15,000 குடுக்க ஆர்டர் இருக்கு. ஐடி கம்பெனில லேஆஃப் பண்ணிட்டாங்க. இனி குடுக்க வேணாம்தானே?

தயவுசெஞ்சு நீங்களா நிறுத்தாதீங்க சார். கோர்ட் மாத்துற வரைக்கும் அந்த ஆர்டர் உயிரோடதான் இருக்கு, ஒவ்வொரு மாசமும் பாக்கி ஏறும். உடனே தொகைய குறைக்க சொல்லி மனு போடுங்க, பழைய சிஆர்பிசி (குற்றவியல் நடைமுறை சட்டம்) 125வது பிரிவுல வாங்குன ஆர்டர்னா, இப்போ அதுக்கு பதிலா வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தோட 146வது பிரிவு. ரிலீவிங் லெட்டர், செட்டில்மெண்ட் பணம் எவ்வளவு வந்துச்சு, பேங்க் ஸ்டேட்மெண்ட், வேலை தேடுனதுக்கு ரெக்கார்ட் எல்லாம் சேர்த்து வைங்க. அதுவரைக்கும் முடிஞ்சத, 5,000னாலும் சரி, கைல குடுக்காம அக்கவுண்ட்லயே போடுங்க. குடுக்க மனசு இருக்கு வசதிதான் இல்லைன்னு ஜட்ஜுக்கு காட்டுறது அதுதான்.

வேலை இல்லைங்குறது மட்டும் போதாது. பிசினஸ் மூடிடுச்சுன்னு சொன்ன ஒருத்தர் கேஸ்ல, உடம்பு நல்லா இருக்குற ஆள் உடல் உழைப்பு செஞ்சாவது பொண்டாட்டி புள்ளைய காப்பாத்தணும்னு 2022ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. பர்சனல் லோன் இஎம்ஐ போக மிச்சம் இல்லைங்குற வாதமும் பெரும்பாலும் எடுபடாது. சம்பளத்துல 25 சதவீதம்னு ஒரு பேச்சு ஓடுதே, அது 2017ல ஒரு கேஸ்ல நியாயம்னு சொன்னது, எல்லாருக்கும் ஃபிக்ஸ்டு ரேட் கிடையாது.

ஜீவனாம்ச கேஸ் நோட்டீஸ் போனதும் வீட்டுக்காரர் வேலைய ரிசைன் பண்ணிட்டார். வருமானமே இல்லைன்னு கோர்ட்ல சொல்றார்.

இத பாக்கும்போது எனக்கு கோவம்தான் வருது, பாதிக்கப்படுறது கடைசில குழந்தைங்கதான். மேல சொன்ன 2020 தீர்ப்புப்படி ரெண்டு பேருமே சொத்து, கடன், வருமானம் எல்லாத்தையும் அஃபிடவிட்டா குடுத்தாகணும், பொய் சொன்னா அது தனி குற்றம். அவரோட ஐடி ரிட்டர்ன், பிஎஃப் விவரம், பேங்க் ஸ்டேட்மெண்ட் வரவழைக்க மனு போடுங்க. கடைசியா வாங்குன சம்பளத்தையும் அவரால எவ்வளவு சம்பாதிக்க முடியும்ங்குறதையும் வச்சே தொகைய முடிவு பண்ண முடியும்.

ஆர்டர் வந்தும் கட்டலைன்னா பிஎன்எஸ்எஸ் 144ல (பழைய சிஆர்பிசி 125தான் இது) வாரண்ட், ஒவ்வொரு மாச பாக்கிக்கும் 1 மாசம் வரைக்கும் ஜெயில். ஜெயிலுக்கு போனாலும் பாக்கி கழியாது. ஆனா பாக்கி விழுந்த 1 வருஷத்துக்குள்ள மனு போடணும், இத தவறவிட்டு வந்து அழுதவங்க நிறைய பேர பாத்திருக்கேன்.

எனக்கு வேலை இல்ல, மனைவி பேங்க்ல இருக்காங்க. ஆம்பள கேக்கலாமா?

இந்து திருமண சட்டத்துல 24, 25 ரெண்டு பிரிவுலயும் கேக்கலாம். பிஎன்எஸ்எஸ் 144ல முடியாது, ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்ல முடியாது, கிறிஸ்தவங்களோட விவாகரத்து சட்டத்துலயும் மனைவிக்கு மட்டும்தான். கேட்டாலும் விபத்து, தீராத நோய் மாதிரி நிஜமாவே உழைக்க முடியாத நிலைன்னு நிரூபிக்கணும்.

மியூச்சுவல்ல (ரெண்டு பேரும் சம்மதிச்சு வாங்குற விவாகரத்துல) மாசாமாசம் இல்லாம மொத்தமா ஒரு தொகை வாங்கிக்கலாமா?

தாராளமா. பெட்டிஷன்லயே தொகைய எழுதிடுங்க, கடைசி கையெழுத்துக்கு முன்னாடி டிடி உங்க கைக்கு வரட்டும். குழந்தையோட செலவ தனியா எழுதுங்க, அது குழந்தையோட உரிமை, நீங்க விட்டுக்குடுக்க முடியாது.

வக்கீல் ஃபீஸ் குடுக்கவே காசு இல்ல மேடம்.

பொண்ணுங்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு, 1987 சட்டத்துலயே இருக்கு. உங்க மாவட்ட கோர்ட் வளாகத்துல இருக்குற சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸுக்கு ஆதார், கல்யாண ஆதாரம், குழந்தை பிறப்பு சான்றிதழ் எடுத்துட்டு போங்க, போக முடியலைன்னா 15100க்கு போன் பண்ணுங்க.